வயலை வடித்த வருடம்

போன மாதம் ஓர் இளம் இன்ஜினீயர் என்னைத் தேடி வந்தார். மணமேல்குடிப் பக்கம் வேலை. உப்பேறிப்போன வயல்களில் பூமிக்கடியில் துளை போட்ட பிளாஸ்டிக் குழாயைப் பதித்து, மண்ணுக்குள் நிற்கும் நீரை வடிக்கப் போகிறார்களாம். குழாயின் மாதிரித் துண்டு ஒன்றையும் கையோடு கொண்டுவந்திருந்தார். "இந்தப் பக்கத்துக்கே இது புதுசு சார். உங்க காலத்துல வயல்ல தண்ணி நின்னா என்ன சார் பண்ணுவீங்க? வாய்க்கா வெட்டி விடுவீங்களா?" என்று கேட்டார்.

அவர் காப்பியைக் குடித்து முடிக்கட்டும் என்று பொறுத்திருந்தேன். பிறகு, "தம்பி, ரெண்டாவது யுத்தம் வாரதுக்கு முன்னாடியே நாங்க பூமிக்குள்ள குழாய் பதிச்சாச்சு" என்றேன். அவர் சிரித்தார். பென்ஷன்காரர் ஏதோ சொல்கிறார், சொல்லிவிட்டுப் போகட்டும் என்கிற மரியாதையான சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். எனக்குத் தற்பெருமை உண்டு. முப்பது வருடத்துக்கு மேல் சேற்றில் நடந்தவனுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

அப்போது புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். விவசாயத்துக்கென்று இருந்த சின்ன ஆபீஸில் நான் பீல்டுமேன். பேர்தான் பெரிது. விதை மூட்டை, கலப்பை, மட்டம் பார்க்கும் டம்பி லெவல் என்று கையில் எதைக் கொடுத்தாலும் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் வேலை. பள்ளிக்கூடப் படிப்பு, அதன்பிறகு பண்ணையில் ஒன்றரை வருடப் பயிற்சி, லெவல் பார்க்கக் கற்றுக்கொண்டது, அதை இரண்டு தடவை கீழே போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது. பயிற்சிக் காலத்தைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும்.

எனக்கு மேலே இருந்தவர் ராயப்பன் சார், சூப்பர்வைசர். ஒல்லியான மனிதர், மெல்லிய குரல். ஒரு குடை வைத்திருப்பார். அதை அவர் விரித்து நான் பார்த்ததே இல்லை. துணியை எலி கடித்துவிட்டது என்று ஆபீஸில் பேசிக்கொள்வார்கள். கம்பில் அங்குலம் அங்குலமாகக் கத்தியால் கோடு கீறி, அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டார். எந்த ஊருக்குப் போனாலும் முதல் காரியமாக வயலின் நடுவில் கை முழுக்க இறங்கும் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டச் சொல்வார். பக்கத்தில் ஒரு கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு கையில் பாக்கெட் கடிகாரம், ஒரு கையில் குடை. குழிக்குள் தண்ணீர் எந்தப் பக்கச் சுவரிலிருந்து கசிகிறது, எத்தனை நிமிடத்தில் எத்தனை அங்குலம் ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். யார் வந்து என்ன கேட்டாலும் அந்தக் குழி பதில் சொல்கிறவரைக்கும் அவர் வாய் திறக்க மாட்டார்.

அவருடைய இன்னொரு குணத்தையும் சொல்லிவிட வேண்டும். கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். சாதாரணமாக என்னை "சுப்பையா, இங்கிட்டு வாங்க" என்பார். கொஞ்சம் கோபம் என்றால் "பீல்டுமேன் சார்." அடுத்த படி "பீல்டுமேன் ஐயா." தலைக்குமேல் ஏறிவிட்டால் "பீல்டுமேன் ஐயா அவர்கள்." அந்த "அவர்கள்" காதில் விழுந்தால் லெவலைத் தூக்கிக்கொண்டு வயலுக்குள் இறங்கிவிடுவேன்.

ஓர் ஆனி மாதம் சின்னையா என்கிற விவசாயி ஆபீஸுக்கு வந்தார். திருவரங்குளத்துக்குக் கிழக்கே ஒரு சிற்றூர். தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வாசலிலேயே நின்றார்.

"தண்ணிக்குள்ளயே வெளையுற நெல்லு ஏதும் இருக்குங்களா?" என்று கேட்டார்.

"எல்லா நெல்லும் தண்ணியிலதானே வெளையுது" என்றேன் நான், கெட்டிக்காரத்தனமாக.

"அது இல்லீங்க. எங்க வயலு கண்மாய்க் கரைக்கு அடியில இருக்கு. கரையை ஒசத்தி, கண்மாயத் தூர் எடுத்ததுலேருந்து கசிவு நிக்கவே மாட்டேங்குது. மூணு வருசமா வைக்கலுதான் அறுக்குறேன். மாட்டை எறக்குனா வகுறு வரைக்கும் பொதையுது. இந்த வருசம் ஒண்ணு பாத்துட்டு கண்டிக்குப் போயிரலாம்னு கங்காணிக்குப் பேரு குடுத்தாச்சுங்க. தை அறுப்பு முடிஞ்சதும் வாரேன்னு சொல்லியிருக்காரு."

கண்டிக்குப் போவதென்றால் என்ன என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி பேர் எழுதிக்கொண்டால் மண்டபம் வழியாகக் கப்பல். போய்த் திரும்பி வந்தவர்களைவிட, திரும்பி வருவார்கள் என்று வாசலைப் பார்த்தவர்கள்தான் அதிகம். ராயப்பன் சார் கையில் இருந்த காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் குடையை எடுத்தார்.

அந்த வயல் முக்கால் ஏக்கர் இருக்கும். கோடையிலும் கால் புதைந்தது. தேங்கிய தண்ணீர்மேல் எண்ணெய் ஊற்றியதுபோல் ஒரு படலம், அதற்கடியில் செங்கல் நிறத்தில் வண்டல். செம்புறாங்கல் பூமியில் ஊறி வருகிற தண்ணீர் அப்படித்தான் இருக்கும். குழி தோண்டினோம். சார் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தார். கரைப்பக்கத்துச் சுவரில் மட்டும் ஒன்றரை முழ ஆழத்தில் சரளை அடுக்கிலிருந்து தண்ணீர் விரல் விரலாக வந்தது. மற்ற மூன்று பக்கமும் சும்மா ஈரம்தான்.

"தண்ணி மேலேருந்து வரல. பக்கத்துலேருந்து வருது. வாசல்லயே புடிச்சு வெளிய அனுப்பணும்" என்றார்.

அன்று மோர் குடிக்க சின்னையா வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி செல்லாயி செம்பில் மோர் கொடுத்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். இரண்டு பெண் குழந்தைகள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றன. மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு குதிர், நெல் கொட்டி வைக்கிற மண் குதிர். அடியில் நெல் எடுக்கும் ஓட்டையை, வைக்கோலை முறுக்கிச் சுருட்டி, உமி கலந்த களிமண் பூசி அடைத்திருந்தாள். ஓரமெல்லாம் கட்டைவிரலால் வரிசையாக அமுக்கிய தடம், பார்க்கவே அழகாக இருந்தது. உள்ளே ஒரு மணி நெல் கிடையாது. காலிக் குதிருக்கு இவ்வளவு நேர்த்தியான அடைப்பு எதற்கு என்று நினைத்தேன். அதற்குப் பக்கத்தில் புதிதாகப் பச்சை வண்ணம் அடித்த ஒரு தகரப் பெட்டி. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்து, "கண்டிக்கு வாங்குனதுங்க" என்றாள் செல்லாயி. நான் செம்பை வாயில் கவிழ்த்துக்கொண்டேன். மோர் புளித்திருந்தது என்று நினைவு.

ராயப்பன் சார் போட்ட திட்டம் இது. கரையிலிருந்து பத்துக் கெஜம் தள்ளி, வயலின் தலைமாட்டில் குறுக்கே இடுப்பளவு ஆழத்துக்குப் பள்ளம் எடுப்பது. அதில் ஓர் அடி நீளச் சுட்ட மண் குழாய்களை ஒன்றோடொன்று முட்டும்படி வைத்துக்கொண்டே போவது. மேலே சரளை, அதன்மேல் வைக்கோல், அப்புறம் மண். குழாய் வயலின் ஓரமாகத் திரும்பி, கடைசியில் கீழே இருக்கிற ஓடையில் வாய் திறக்கும். இணைப்புகளில் எதையும் பூசக் கூடாது. அந்த இடுக்கு வழியாகத்தான் தண்ணீர் உள்ளே வர வேண்டும்.

குழாய் செய்ய, மண்பாண்டம் வனையும் ஒரு வேளாரிடம் போனோம். உறைகிணற்றுக்கு உறை செய்கிறவர், பெரிய கைக்காரர். நான் படம் வரைந்து காட்டினேன். அவர் சக்கரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகுற மாதிரி வாயி அகலமா வச்சுத் தரவா?"

"வேண்டாம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. சும்மா முட்டி நின்னாப் போதும்."

"ஒழுகுமே?"

"ஒழுகணும்."

வேளார் எழுந்து கையைக் கழுவினார். "எங்க அப்பன் காலத்துலேருந்து ஒழுகுற பானைன்னு யாரும் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னதில்லை. இப்ப நீங்க ஒழுகுறதுக்குன்னே கேக்குறீங்க" என்றார். நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் கேட்பதாக இல்லை. ராயப்பன் சார்தான் முன்னே வந்து, "அண்ணே, குழாய் ஒழுகக் கூடாது. குழாய்க்கும் குழாய்க்கும் நடுவுல இருக்க எடம்தான் ஒழுகணும். ஒங்க குழாயில ஒரு கீறல் இருந்தாலும் நான் திருப்பிக் குடுத்துருவேன்" என்றார். வேளாருக்கு முகம் தெளிந்தது. ஆடி முழுக்கச் சுட்டுக் கொடுத்தார். ஒரு குழாய்கூடக் கோணல் இல்லை.

ஆவணியில் கண்மாய் வற்றிக் கிடந்தபோது பதித்தோம். கரையை நோண்டுகிறார்கள் என்று ஊரில் முணுமுணுப்பு கிளம்பியது. சார் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிவந்து பத்துக் கெஜத்தை அவர்கள் கையாலேயே கயிறு பிடித்து அளக்க வைத்தார். அதோடு அது அடங்கியது. மட்டம் பார்த்தது முழுக்க நான். நூறு அடிக்கு ஆறு அங்குலம் வாட்டம். ஓடை வாயில் ஆரம்பித்து மேல்நோக்கிப் பதித்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு குழாயையும் வைத்ததும் நான் குப்புறப் படுத்து உள்ளே கண் வைத்துப் பார்ப்பேன், அந்தக் கோடியில் வெளிச்சம் வட்டமாகத் தெரிகிறதா என்று. சட்டையெல்லாம் சேறு. ஓடை வாயில் நண்டு புகாமல் இருக்க மூங்கில் பிளாச்சுகளைத் தட்டியாகக் கட்டி வைத்தேன். அது கழற்றி மாட்டுகிற மாதிரி இருந்தது. அப்படி வைத்தது நல்லதாகப் போயிற்று என்பதை அப்புறம் சொல்கிறேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கண்மாய் நிறைந்தது. நடவு முடிந்த மறுநாள் ஓடை வாயில் போய் நின்றேன். குழாயிலிருந்து தண்ணீர் கட்டைவிரல் கனத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. முதலில் செம்மண் நிறம், பிறகு தெளிவு. வயலில் கால் வைத்தேன். கணுக்கால் வரைதான் புதைந்தது. சின்னையா வயலுக்குள் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்து நடந்து பார்த்தார். நான் புதுக்கோட்டைக்கு சைக்கிளில் திரும்பும்போது வழியெல்லாம் பாடிக்கொண்டே போனேன். எனக்குப் பாட்டு வராது என்பது வேறு விஷயம்.

பத்து நாள் கழித்து சின்னையாவிடமிருந்து ஆள் வந்தது. குழாய் நின்றுவிட்டது, பயிர் சிவக்கிறது என்று செய்தி.

நானும் சாரும் போனோம். ஓடை வாயில் சொட்டுச் சொட்டாக ஒரு கசிவு, அவ்வளவுதான். வயல் பழைய உளைச் சேறாகவே மாறியிருந்தது. நாற்று நுனியெல்லாம் துருப்பிடித்த நிறம். குழி தோண்டினோம். சார் கூடையில் உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, தண்ணீர் மண் மட்டத்துக்கு நாலு விரல் கீழே வந்து நின்றது. அவர் குடைக்கம்பை வெளியே எடுத்துத் துடைத்தார்.

"பீல்டுமேன் ஐயா அவர்கள் மட்டம் பார்த்தது சரிதானுங்களா?" என்றார்.

 நடுவில் எங்கேயாவது ஒரு குழாய் எதிர்வாட்டமாக உட்கார்ந்திருந்தால் அங்கே வண்டல் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அப்படித்தான் அவர் நினைத்தார், நானே அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் காலை ஆள் விட்டு மூன்று இடத்தில் தோண்டித் திறந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. தோண்டினால் அந்த நாற்றெல்லாம் போகும். இனி மறுநடவுக்குப் பருவம் இல்லை. சின்னையா வரப்பில் குந்தியிருந்தார். "தோண்டுனா என்ன, தோண்டாட்டி என்னங்க. எழுதுனது எழுதுனபடிதான்" என்றார். கங்காணி நோட்டில் பேர் எழுதினதைச் சொல்கிறாரா, தலையில் எழுதினதைச் சொல்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. என்னால் ஒரு குடும்பம் கப்பலேறப் போகிறது என்று மட்டும் விளங்கியது. அழுகை வந்துவிட்டது, மறைத்துக்கொண்டேன்.

திருவரங்குளத்தில் தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டு, விடிந்ததும் ஆட்கள் வருவதற்கு முன்பே நான் மட்டும் ஓடைக்குப் போனேன். லெவலைத் தூக்கிக்கொண்டு போய்த் தெரிந்த அளவுக்கு மறுபடி பார்த்தேன். வாட்டம் சரியாக இருந்தது. எதற்கும் பார்ப்போம் என்று குழாய் வாயில் இருந்த மூங்கில் தட்டியைக் கழற்றினேன். நான் கட்டியிருந்தது இரட்டை முடிச்சு. இப்போது இருந்தது ஒற்றை முடிச்சு.

கையை உள்ளே விட்டேன். முழங்கை மறைகிற வரை ஒன்றும் இல்லை. நீளமான பிளாச்சு ஒன்றை எடுத்துக் குத்தினேன். மெத்தென்று எதிலோ முட்டியது. வயிறு ஒட்டத் தரையில் படுத்து, தோள்வரை கையை விட்டு, விரல் நுனியால் பற்றி மெதுவாக இழுத்தேன். வைக்கோல் முறுக்கிச் சுருட்டிய ஓர் அடைப்பு வெளியே வந்தது. உமி கலந்த களிமண் பூச்சு. ஓரத்தில் வரிசையாகக் கட்டைவிரல் தடம்.

அதன் பின்னாலேயே தண்ணீர் பாய்ந்தது பாருங்கள்! என் முகத்திலும் வாயிலும் நெஞ்சிலும் செந்நிறச் சேறு அடித்தது. பத்து நாளாக உள்ளே அடைந்து கிடந்தது அத்தனையும் ஓடைக்குள் கொட்டியது. நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து, "மட்டம் சரி! மட்டம் சரி!" என்று கத்தினேன். கேட்க ஒரு கொக்குதான் இருந்தது. அதுவும் பறந்துவிட்டது.

சார் வந்தபோது அடைப்பை அவர் கையில் வைத்தேன். அதை எங்கே பார்த்தேன் என்றும் சொன்னேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சின்னையா, ஒங்க வீட்டம்மாவ வரச் சொல்லுங்க" என்றார். சின்னையா அடைப்பைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. அவர் முகம் கறுத்ததைப் பார்த்து, சார் அவர் தோளைப் பிடித்து, "நீங்க இங்கிட்டே இருங்க. சுப்பையா போகட்டும்" என்றார்.

செல்லாயி வந்தாள். அடைப்பைப் பார்த்ததும் தலை குனிந்தாள். ஆனால் கேட்டதற்கு மறைக்காமல் சொன்னாள்.

"நாந்தான் அடைச்சேன். கோடையில ஒரு கொடம் தண்ணிக்கு மூணு ஊரு தாண்டிப் போற பொம்பளைங்க நாங்க. எந்நேரமும் வயல்லேருந்து தண்ணி ஓடைக்குப் போய்க்கிட்டே இருக்கு. அதப் பாத்துக்கிட்டு எப்புடிங்க சும்மா இருக்குறது? தண்ணிய வெளிய விட்டா வயலு வெளங்குமா? இந்த வருசமும் போச்சுன்னா நாங்க கண்டிக்குப் போயிரணும். அதான் வயல்லயே நிக்கட்டும்னு..." 

வயலைக் காப்பாற்றத்தான் அவள் அதைச் செய்திருக்கிறாள். எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. மழையைக் கண்டால் கும்பிடுகிற பூமியில், ஓடுகிற தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு மனம் வரும்? நான் சாரின் முகத்தைப் பார்த்தேன். "அம்மா அவர்கள்" என்று ஆரம்பிக்கப் போகிறார் என்று பயந்தேன். அவர் வயலில் இறங்கி ஒரு நாற்றைப் பிடுங்கி வந்து வேரை அவளிடம் நீட்டினார்.

"மோந்து பாருங்கம்மா."

வேர் கறுத்திருந்தது. அவள் மோந்துவிட்டு முகத்தைத் திருப்பினாள். "அழுகுன முட்டை நாத்தம்."

"வேருக்கு மூச்சு இல்ல. தண்ணிக்குள்ளயே முங்கிக் கெடக்கு." சார் கொஞ்சம் யோசித்தார். "சோறு வெந்ததும் வடிக்காம விட்டா என்னாகும்?"

"கொழஞ்சு போகும்."

"அதான் இங்கயும். வேணுங்கிற தண்ணி வயலுக்கு மடை வழியா வருது. இது வடிக்க வேண்டிய தண்ணி."

செல்லாயி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "சரிங்க. வடிக்கணும். ஆனா வடிச்ச கஞ்சிய யாராச்சும் தெருவுலயா ஊத்துவாங்க? கீழ ஒரு சட்டி வச்சுப் புடிக்க மாட்டீங்களா?"

ராயப்பன் சார் குழாய் வாய்ப் பக்கம் திரும்பினார். குடையை மண்ணில் ஊன்றி, குழாய் வாயைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார், ஓடைக்கு இந்தக் கரையிலேயே காய்ந்து கிடந்த சின்னையாவின் மேட்டுக் கொல்லையைப் பார்த்தார்.

"சுப்பையா" என்றார். ஐயாவும் இல்லை, அவர்களும் இல்லை. "நாம சட்டி வைக்க மறந்துட்டோம்."

தோண்டிப் பார்க்க வந்த ஆட்களை அப்படியே ஓடைக்கரைக்குத் திருப்பினோம். குழாய் வாய்க்கு நேர் கீழே ஒரு குட்டை. இரண்டு நாளில் வெட்டி முடித்தார்கள். குட்டை நிறைந்தால் மிச்சம் ஓடைக்குப் போக ஒரு வழிவாய் வைத்தோம். அது குழாய் வாயைவிட ஒரு சாண் தாழ்வாக இருக்க வேண்டும் என்பதில் சார் பிடிவாதமாக இருந்தார். குட்டைத் தண்ணீர் ஏறிக் குழாய் வாயை மூடிவிட்டால் பழைய கதைதான். அந்தச் சாணையும் குடைக்கம்பால் மூன்று தடவை அளந்தார். செந்நிற வண்டல் குட்டைக்கடியில் தங்கிவிட, மேலே தெளிந்த தண்ணீர் நின்றது. சின்னையாவும் செல்லாயியும் ஆளுக்கொரு பக்கம் கயிறு பிடித்து, இறைகூடையால் அதைக் கொல்லைக்கு இறைத்தார்கள். அந்தக் கொல்லையில் அதுவரை எள்ளு விதைத்தால் உண்டு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. அந்தக் கார்த்திகையில் செல்லாயி அதில் மிளகாயும் கத்தரியும் வைத்தாள்.

வயலுக்குத் திரும்பிப் போகிறேன். அடைப்பை எடுத்த எட்டாம் நாள் ஒரு நாற்றைப் பிடுங்கினேன். கறுத்த வேருக்கு மேலே, நூல் நூலாக வெள்ளை வேர் விட்டிருந்தது. அந்த வெள்ளையைப் பார்த்த சந்தோஷத்தை என் கல்யாணத்தன்றுகூட நான் அனுபவித்ததில்லை. என் மனைவி இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். மார்கழியில் பயிர் தூர் கட்டி வரப்பை மறைத்தது. கரையில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மூங்கில் தட்டியைக் கழற்றி வாரம் ஒரு தடவை குழாய் வாயைச் சுத்தம் செய்யும் வேலையைச் செல்லாயி தானே எடுத்துக்கொண்டாள். அவள் போடுவது அப்போதும் ஒற்றை முடிச்சுதான்.

அதற்கப்புறம் நாங்கள் பல ஊர்களில் குழாய் பதித்தோம். யுத்த காலத்தில் குழாய் சுட விறகு கிடைக்காமல், பள்ளத்தில் வெறும் செம்புறாங்கல் சில்லைக் கொட்டி மூடியும் வேலை பார்த்தோம். அதுவும் வடித்தது. ஆனால் எந்த ஊரிலும் குட்டை வெட்டாமல் ஒரு குழாயும் பதிக்கவில்லை. ராயப்பன் சார் வரைபடத்தில் குழாய் முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் 'கஞ்சிச் சட்டி' என்று எழுதுவார். மேலிடத்திலிருந்து அது என்ன என்று கேட்டு ஒரு தடவை காகிதம் வந்தது. "தேவையான உறுப்பு" என்று பதில் எழுதி அனுப்பினார். இந்த இன்ஜினீயர் தம்பியிடமும் அதைத்தான் கேட்டேன், வடிகிற தண்ணீரை எங்கே விடுவீர்கள் என்று. உப்புத் தண்ணீர், கடலுக்குத்தான் போகணும் என்றார். அது நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதை அந்த ஊர்ப் பெண்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்றேன்.

கங்காணி பாக்கி இருக்கிறார்.

தை கடைசியில் அறுப்பு. களத்தில் தூற்றி முடித்த அன்று, எவ்வளவு நெல் கண்டுமுதல் ஆயிற்று என்று பார்க்க நானும் சாரும் போயிருந்தோம். நாங்கள் சின்னையா வீட்டுக்குள் மோர் குடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் கங்காணி வந்து நின்றார். கோட்டும் தலைப்பாகையும், கையில் நோட்டு.

"என்ன சின்னையா, வெள்ளிக்கிழமை மண்டபத்துக்குக் கெளம்புறோம். பெட்டிய எல்லாம் கட்டியாச்சா?"

சின்னையா எழுந்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். மனைவியைப் பார்த்தார். செல்லாயி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்னே வந்தாள்.

"பெட்டியில எடம் இல்லீங்க" என்றாள்.

"எடம் இல்லைன்னா?"

"நீங்களே வந்து பாருங்க."

கங்காணி உள்ளே எட்டிப் பார்த்தார். நாங்களும் திரும்பிப் பார்த்தோம். அந்த ஆள் உயரக் குதிர் வாய் விளிம்பு வரைக்கும் நெல். அடி ஓட்டையில் புதிதாக ஓர் அடைப்பு, ஓரமெல்லாம் கட்டைவிரல் தடம். இந்தத் தடவை அது வேலை பார்த்துக்கொண்டிருந்தது. செல்லாயி பச்சைத் தகரப் பெட்டியின் மூடியைத் தூக்கினாள். உள்ளே தளும்பத் தளும்ப நெல்.

"குதிரு நெறஞ்சு போச்சு. வெதநெல்லு வைக்க எடம் பத்தல. அதான் இதுல கொட்டிட்டேன். ஆடி ஆவணிக்குத்தான் இனி பெட்டியத் தொறக்கணும். நீங்க போயிட்டு வாங்க."

கங்காணி நோட்டைப் பிரித்து, பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார். அந்தக் கோடு இழுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது என்றே இன்றைக்கும் சொல்வேன். சின்னையா குதிரில் கையை வைத்து நின்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

எனக்கோ, பண்ணையில் படித்த பாடம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விதைநெல்லைத் தகரப் பெட்டியில் போடவே கூடாது, வேர்த்து முளைப்பு போய்விடும். அதைச் சொல்லலாம் என்று, "அக்கா, தகரப் பெட்டியில..." என்று ஆரம்பித்தேன்.

ராயப்பன் சார் குடையின் நுனியை என் பாதத்தில் வைத்து அழுத்தினார்.

"பீல்டுமேன் ஐயா அவர்கள்," என்றார் மெல்லிய குரலில், "இன்னிக்கு ஒரு நாள் சும்மா இருங்க."